அங்கணத்தின் அடியில் ஓர் அரவைப்பொறி

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலருடைய மக்கள் இன்று அமெரிக்காவில் குடும்பம் நடத்துகிறார்கள். அவர்களைக் காணச் செல்லும் பெற்றோர், பல வீடுகளில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அருகே சுவரில் இரண்டு மின்விசைகள் இருப்பதைக் காண்பர். ஒன்றை அழுத்தினால் விளக்கு எரியும். மற்றொன்றை அழுத்தினால் தொட்டியின் வாய்க்குள்ளிருந்து ஓர் உறுமல் எழும். விளக்கென்று எண்ணி அழுத்தியவர் திடுக்கிட்டு விலகுவர். தொட்டியின் அடியில் தொங்கும் ஓர் அரவைப்பொறியின் ஓசை அது. காய்கறித் தோலையும் தட்டில் எஞ்சிய உணவையும் நுண்துகளாக்கி, நீருடன் சேர்த்துக் கழிவுநீர்க் குழாய்க்குள் அனுப்புவது அதன் தொழில்.

பல்லாண்டு உழைத்தபின் ஒரு நாள் அப்பொறியின் அடியில் நீர் சொட்டத் தொடங்கும். நம் நாட்டில் குழாய்வேலைக்காரருக்கு ஆள் அனுப்புவோம். அங்கேயோ வீட்டுக்காரரே, அவர் வங்கி அதிகாரியாயினும் கல்லூரிப் பேராசிரியராயினும், கையில் விளக்கும் திருப்புளியும் கொண்டு, தொட்டிக்கு அடியிலுள்ள அலமாரிக்குள் தலையை நுழைத்து மல்லாந்து படுத்துவிடுவதைப் பல வீடுகளில் காணலாம். இக்காட்சி நம்மவருக்கு வியப்பளிக்கும். படித்த பிள்ளைக்கு இந்த வேலையா என்று சிலருக்கு வருத்தமும் அளிக்கும். கூலி கொடுக்க மனமில்லாமையே இதற்குக் காரணம் என்று கொள்வது சரியன்று. ஊரார் சுமந்துவந்த ஒரு பொறுப்பு எவ்வாறு ஒவ்வொரு வீட்டாருடைய தோளிலும் வந்து இறங்கியது என்னும் வரலாறு இதற்குப் பின்னே இருக்கிறது. அதனையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோருக்கு இப்பொறி ஒரு சோதனை. அமெரிக்கர் இதனைக் 'கார்பேஜ் டிஸ்போசல்' என்பர். ஆங்கிலேயர் 'வேஸ்ட் டிஸ்போசல் யூனிட்' என்பர். கனடா நாட்டினரோ 'கார்பரேட்டர்' என்று வழங்குவர். வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் ககரம் ஒன்றையே ஆளும் நம் எழுத்தில் இக்கனடியச் சொல்லை எழுதிவிட்டால், மோட்டார் வண்டியில் எரிபொருளையும் காற்றையும் கலக்கும் உறுப்பிலிருந்து இதனைப் பிரித்தறிய வழியில்லை. 'குப்பை ஒழிப்பான்' என்று பெயர்ப்பதும் பொருந்தாது. குப்பை ஒழிவதில்லை, இடம் மாறுகிறது. ஆதலின் அரவைப்பொறி என்றே வைத்துக்கொள்வோம். தொட்டிக்கு மட்டும் நம்மிடம் நல்ல பழஞ்சொல் ஒன்று உண்டு. தென்மாவட்டங்களில் பாத்திரம் கழுவி நீர் வழியவிடும் இடத்தை 'அங்கணம்', 'அங்கணக்குழி' என்று முதியோர் கூறக் கேட்கலாம். திருவள்ளுவரும் ஆண்ட சொல் அது.

அரவைப்பொறி தோன்றுவதற்கு முன் அமெரிக்க நகரங்களில் சமையலறைக் கழிவு என்னவாயிற்று? அதில் பெரும்பங்கு பன்றிகளுக்கு உணவாயிற்று. வீட்டின் கொல்லைப்புறத்தில் மூடியிட்ட தகர வாளி ஒன்று இருக்கும். சாம்பலும் காகிதமும் தகரமும் ஒருபுறம், ஈரக்கழிவு மற்றொருபுறம் என்று பிரித்து வைக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. ஈரக்கழிவை நகரசபை வண்டியோ பன்றி வளர்ப்பவரோ எடுத்துச் செல்வர். கோடையில் வாளியைச் சுற்றி ஈயும் நாற்றமும் சூழும். குளிர்காலத்தில் கழிவு வாளியோடு வாளியாக உறைந்துபோகும். ஆயினும் வீட்டாரின் பொறுப்பு வாளியின் விளிம்போடு முடிந்தது. அதற்கு அப்பால் யாவும் ஊரின் கவலை.

விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் கரையில், ரசீன் என்னும் தொழில்நகரம் உண்டு. அங்கே கட்டடக்கலைஞராக இருந்த ஜான் ஹாம்ஸ் என்பவர் 1927-ஆம் ஆண்டில், சமையலறைக் கழிவைத் தொட்டியிலேயே அரைத்து நீரோடு அனுப்பிவிடும் பொறி ஒன்றை அமைத்தார். வீடு கட்டுவோருக்கு வரைபடம் எழுதிக்கொடுப்பதே தொழிலாகக் கொண்டவருக்குச் சமையலறையின் தொல்லைகள் கண்ணில் பட்டது இயல்பே. பொறியை மெல்ல மெல்லச் செப்பம் செய்து 1933-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1935-இல் அது வழங்கப்பட்டது. 1938-இல் தமக்கென ஒரு தொழிற்கழகத்தைத் தொடங்கி அதற்கு 'இன்சிங்கரேட்டர்' என்று பெயரிட்டார். எரியூட்டும் உலையைக் குறிக்கும் 'இன்சினரேட்டர்' என்னும் சொல்லின் நடுவே தொட்டியைக் குறிக்கும் 'சிங்க்' என்னும் சொல்லைப் பொதிந்த சிலேடை அது. இத்தகைய பெயரை எம்மொழியிலும் பெயர்க்க இயலாது. அப்படியே விட்டுவிடுவதே மரியாதை.

முதல்வர் யார் என்பதில் வழக்கு இல்லாமல் இல்லை. ஜெனரல் எலக்ட்ரிக் என்னும் பெருநிறுவனம் 1935-ஆம் ஆண்டிலேயே 'டிஸ்போசால்' என்ற பெயரில் இதே போன்ற பொறியை வெளியிட்டது. வெளியிட்டதைக் கொண்டு பார்ப்பதா, அமைத்ததைக் கொண்டு பார்ப்பதா என்பதைப் பொறுத்து விடை மாறும். பெருநிறுவனத்திற்கு விளம்பர வலிமை இருந்தது; ரசீன் நகரத்தாருக்குப் பொறுமை இருந்தது. அதற்குள் இரண்டாம் உலகப் போர் வந்து, உலோகமெல்லாம் படைக்கலங்களுக்குச் சென்றது; வீட்டுச் சாதனங்களின் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோயிற்று. பொறி வீடுதோறும் புகுந்தது போருக்குப் பின்னரே.

அப்பொறி வேலைசெய்யும் முறையை அறியாமல் அதன் ஒழுகலை அறிய முடியாது. உள்ளே கூரிய கத்திகள் சுழல்கின்றன என்று பலர் எண்ணுகின்றனர். அமெரிக்கரிலும் பலர் அவ்வாறே நம்புகின்றனர். கத்தி ஏதும் இல்லை. அடியில் மின்மோட்டார், அதன் தண்டின் மேல் ஒரு வட்டத்தட்டு, தட்டின் மேல் அசையும் இரண்டு இரும்புக் கட்டைகள், தட்டைச் சுற்றிப் பற்கள் கொண்ட அசையாத வளையம். தட்டு நிமிடத்திற்கு ஆயிரத்து எழுநூறு சுற்றுக்கு மேல் சுழல்கையில் கழிவு விளிம்பை நோக்கி வீசப்படுகிறது; கட்டைகள் அதனை வளையத்தின் மீது மோதித் தேய்க்கின்றன; துகளானது நீருடன் கீழிறங்கிப் பக்கவாட்டுக் குழாய் வழியே வெளியேறுகிறது. ஆகவே இது வெட்டும் கருவியன்று, தேய்க்கும் கருவி. ஆட்டுக்கல்லுக்கு உறவேயன்றி அரிவாள்மணைக்கு உறவன்று.

இதனால் இதற்கு ஏலாத பொருள்களும் தெளிவாகும். நார் உள்ளவை தேய்வதில்லை, கட்டைகளைச் சுற்றிக்கொள்ளும். முருங்கைக்காய்ச் சக்கையையும் வாழைத்தண்டு நாரையும் தேங்காய் நாரையும் இதில் இட்ட தமிழ்க் குடும்பங்கள் விரைவில் பாடம் கற்கின்றன. சோறு அரைபடும், ஆனால் குழாயின் வளைவில் தங்கி ஊறிப் பருத்து அடைத்துக்கொள்ளும். நெய்யும் எண்ணெயும் எல்லாவற்றிலும் கொடியவை. வெந்நீரில் உருகி இனிதே கீழே செல்லும். சற்றுத் தொலைவில் குளிர்ந்து குழாயின் சுவரில் படியும். அரைக்கும்போது குளிர்ந்த நீரைத் திறந்துவிட வேண்டும் என்று கைநூல்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இனி ஊரின் கதைக்கு வருவோம். 1930-களிலும் 1940-களிலும் பல அமெரிக்க நகரங்கள் உணவுக்கழிவைக் கழிவுநீர்க் குழாயில் விடுவதைச் சட்டத்தால் தடுத்திருந்தன. குழாய் அடைபடும் என்பது நகரப் பொறியாளர்களின் அச்சம். அரவைப்பொறி செய்வோர் ஊர் ஊராகச் சென்று அத்தடைகளை நீக்கச் செய்தனர். அவர்களுக்குப் பெருந்துணையாக வந்தவை பன்றி நோய்கள்.

இந்தியானா மாநிலத்தில் ஜாஸ்பர் என்பது அந்நாளில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர். ஊரின் சமையலறைக் கழிவைத் தின்ற பன்றிகளிடையே பன்றிக் காய்ச்சல் பரவியது. நகரசபை ஒரு முடிவுக்கு வந்தது: வீடுதோறும் அரவைப்பொறி அமைத்துவிடுவது; ஈரக்கழிவு எடுக்கும் வண்டியையே நிறுத்திவிடுவது. 1950-ஆம் ஆண்டில் அத்திட்டம் நிறைவேறியது. வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் பொறி பொருத்தப்பட்டது. குப்பை வாளி இல்லாத ஊர் என்று ஜாஸ்பர் நாடெங்கும் பேசப்பட்டது.

இரண்டாண்டு கழித்து நிகழ்ந்த ஒன்று அம்முடிவை நியாயப்படுத்தியது போலத் தோன்றியது. கலிபோர்னியா மாநிலத்தில் 1932 முதல் அறியப்பட்ட ஒரு கொப்புள நோய் பன்றிகளைத் தாக்கிவந்தது. ஆயினும் அம்மாநிலத்தின் எல்லையைத் தாண்டவில்லை. 1952-இல் கலிபோர்னியாவிலிருந்து புறப்பட்ட ரயில் ஒன்றின் சமையற்கூடத்துக் கழிவு, வயோமிங் மாநிலத்தின் ஷையான் நகரில் இறக்கப்பட்டு அங்குள்ள பன்றிகளுக்கு இடப்பட்டது. பன்றி இறைச்சித் துணுக்குகளில் நோய் இருந்தது. அப்பன்றிகள் விற்கப்பட்டு நெப்ராஸ்காவிற்குச் சென்றன; அடுத்த ஆண்டு முடிவதற்குள் 40-க்கு மேற்பட்ட மாநிலங்களில் நோய் தோன்றிவிட்டது. வேகவைக்காத கழிவைப் பன்றிக்கு இடலாகாது என்று மாநிலங்கள் அடுத்தடுத்துச் சட்டம் இயற்றின. 1959-இல் அந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கழிவை வேகவைக்கச் செலவு பிடிக்கும். ஆகவே பன்றி வளர்த்தோர் பலர் அதனை வாங்குவதையே விட்டனர். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மனிதர் வீட்டு எச்சிலைத் தின்று ஊரைத் துப்புரவாக்கிவந்த விலங்கு, நகர வாழ்விலிருந்து இவ்வாறு விடைபெற்றது.

ஜாஸ்பர் நகரத்தார் செய்ததைச் சற்று ஆழ்ந்து பார்க்க வேண்டும். வண்டி நின்றது, வண்டிக்காரரின் கூலி மிஞ்சியது, தெரு தூய்மையாயிற்று. உண்மையே. ஆனால் வண்டி கெட்டால் பழுதுபார்த்தது நகரசபை. பொறி கெட்டால் யார்? வீட்டார். முன்பு ஊர் முழுவதற்கும் சில வண்டிகளைப் பேணினால் போதும். இப்போது வீட்டுக்கொன்றாகப் பொறிகள், ஒவ்வொன்றிலும் மோட்டார், ஒவ்வொன்றிலும் நீர் கசியத்தக்க இணைப்புகள். பொதுப்பணி ஒன்று எவ்வித ஆரவாரமும் இன்றித் தனியார் பணியாயிற்று. அதனைத் தவறென்று நாம் கூற வரவில்லை. ஊர்க்கணக்கில் மறைந்த செலவு வீட்டுக்கணக்கில் தோன்றியது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

வீட்டார் அதனை ஏற்கவும் காலம் துணைசெய்தது. 1944-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் போர்வீரர்கள் எளிய கடனில் வீடு வாங்கினர். வாடகைக்குக் குடியிருந்தவன் குழாய் ஒழுகினால் வீட்டுக்காரனைக் கேட்பான். சொந்த வீட்டுக்காரன் யாரைக் கேட்பது? படைத்தொழிலில் இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டிப் பழகிய கைகள் அவர்களுடையவை. குழாய்வேலைக்காரரின் கூலியோ உயர்ந்துகொண்டே சென்றது. தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் இயக்கம் நாடெங்கும் பரவியது. டைம் என்னும் வார இதழ் 1954-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாளிட்ட இதழின் அட்டையையே அதற்கு அளித்தது. விளம்பரங்கள் பொறியை மனைவிக்கு உரியதாகக் காட்டின; பழுதுபார்க்கும் கைநூல்களோ கணவனை நோக்கி எழுதப்பட்டன. அந்தப் பிரிவினை பின்னாளில் தளர்ந்தது. திருப்புளி யார் கைக்கும் பொருந்தும்.

இப்போது ஒழுகும் பொறிக்கு அடியில் நாமும் குனிந்து பார்ப்போம். முதற்செயல் மின்சாரத்தைத் துண்டிப்பது. சுவர் விசையை நிறுத்தினால் மட்டும் போதாது. வேறொருவர் வந்து விளக்கென்று எண்ணி அழுத்தக்கூடும். மின்பலகையிலேயே அந்தக் கிளையை நிறுத்த வேண்டும். பின் பொறியின் வெளிப்புறத்தை உலரத் துடைத்து, தொட்டியின் வாயை அடைப்பானால் மூடி, நீரை நிரப்பி, அடியில் காகிதத்தை விரித்துக் காத்திருக்க வேண்டும். ஒழுகல் எங்கே பிறக்கிறது என்பதே முழுக் கேள்வியும். நீர் கீழ்நோக்கியே ஓடுமாதலால், மேலே பிறந்த கசிவும் உடல்வழியே இறங்கி அடியில்தான் சொட்டும். சொட்டும் இடத்தையே பிறப்பிடமாகக் கொண்டு நல்ல பொறியைக் கழற்றி எறிந்தவர் பலர்.

தொட்டி நிரம்பி நிற்கும்போதே கழுத்தில் ஈரம் கண்டால், குறை மேலே இருக்கிறது, கவலைக்குரியது அன்று. தொட்டியின் துளையில் மேலிருந்து ஓர் உலோக வளையம் அமர்த்தப்பட்டிருக்கும். அதற்கும் தொட்டிக்கும் இடையே அடைப்புப் பசை. நம் ஊர்ச் சுவர்ப்பூச்சு வேலைக்காரர் 'பட்டி' என்றும் தச்சர் 'மக்கு' என்றும் கூறும் பொருளின் இனம் அது. சுண்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்து செய்வது பழைய முறை. எண்ணெய் வறண்டால் பசை வெடிக்கும். பொறியின் அதிர்ச்சியால் திருகாணிகளும் தளரும். திருகாணிகளை இறுக்கினாலே சில வேளை கசிவு நிற்கும். நில்லாவிட்டால் பொறியை இறக்க வேண்டும். அது ஐந்து முதல் பத்துக் கிலோ எடை உள்ளது. முகத்திற்கு நேர்மேலே தொங்குவது. ஆகவே அடியில் சாயடப்பாவையோ மோட்டார் வண்டியைத் தூக்கும் ஜாக்கியையோ முட்டுக்கொடுத்துவிட்டு, கழிவுக் குழாயைப் பிரித்து, தாங்கு வளையத்தைத் திருப்பினால் பொறி கையோடு வரும். பின் மூன்று திருகாணிகளையும் தளர்த்தி, கவ்வியிருக்கும் கம்பி வளையத்தை எடுத்து, உலோக வளையத்தை மேலே தள்ளி, பழைய பசையைத் துணுக்கும் மீதமின்றிச் சுரண்டி, புதிய பசையை விரல்பருமன் கயிறாக உருட்டி வளையத்தின் அடியில் சுற்றி அழுத்த வேண்டும். மூன்று திருகாணிகளையும் சமமாக இறுக்குவதே இதில் திறமை. ஒருபுறம் இறுகி மறுபுறம் தளர்ந்திருந்தால் உழைப்பெல்லாம் வீண்.

பக்கவாட்டுக் கசிவு இதனினும் எளிது. கழிவுக் குழாய் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் குழாய் சேரும் இடத்தில் ஒரு பட்டை இருக்கும். வாஷரை மாற்றினால் அல்லது பட்டையை இறுக்கினால் தீர்ந்தது.

அடியிலிருந்தே, மோட்டாரின் உறைக்குள்ளிருந்து நீர் சொட்டுமாயின் செய்தி வேறு. அரைக்கும் அறைக்கும் மோட்டாருக்கும் இடையே தண்டைச் சுற்றி ஓர் அடைப்பு இருக்கிறது. தேய்ந்து தேய்ந்து அது தளர்ந்தால் நீர் மோட்டாருக்குள் இறங்கும், பேரிங்குகள் துருவேறும், அடியிலுள்ள சிவப்புப் பொத்தானின் அருகே துளி தோன்றும். நீரும் மின்சாரமும் கூடும் இடமாதலின் இது அபாயமும் ஆகும். பொறி சுழலாமல் சிக்கிக்கொண்டால், அடிமையத் துளையில் கால் அங்குல அறுகோணச் சாவியை இட்டு முன்னும் பின்னும் திருப்பி விடுவித்துக்கொள்ளலாம் என்று வீட்டாருக்கு வழிவைத்த பொறியாளர்கள், இந்த அடைப்பை மாற்ற மட்டும் எளிய வழி வைக்கவில்லை. பிரிக்கலாம், ஆனால் பிரித்து அடைப்பும் பேரிங்கும் மாற்றும் செலவு புதிய பொறியின் விலையை நெருங்கிவிடும். புதியது வாங்குக என்பதே கைநூல்களின் ஒருமித்த கூற்று. நமக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஒருவர் தம் கையாலேயே பல்லாண்டு செதுக்கிச் செப்பம் செய்த கருவி, காலப்போக்கில் எவர் கையும் உள்ளே புகாத மூடிய பானையாகிவிட்டது. விலை மலிந்தது உண்மை. ஒரு சிறு வளையம் தேய்ந்ததற்காக நல்ல மோட்டாரும் இரும்பும் குப்பைக்குச் செல்வதும் உண்மை. குப்பையைக் குறைக்க வந்த பொறியே அல்லவா அது!

மாற்றும் வேலை இறக்கும் வேலையின் மறுபக்கமே. அதே நிறுவனத்தின் பொறியாயின் பழைய வளையத்திலேயே பெரும்பாலும் புதியது அமரும். மின்கம்பிகளில் கறுப்பைக் கறுப்போடும் வெள்ளையை வெள்ளையோடும் இணைத்து, நிலக்கம்பியைப் பச்சைத் திருகாணியில் கட்ட வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரம் உள்ள வீடாயின் புதிய பொறியின் பக்கத்துளையில் தொழிற்சாலை விட்டிருக்கும் அடைப்பைத் தட்டி எடுத்துவிட வேண்டும். இதனை மறந்து, அவ்வியந்திரத்தில் அழுக்குநீர் தேங்கிநிற்கக் கண்டு விழிப்பவர் எண்ணற்றோர். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: இப்பொறி நீர்க்குழாய்த் தொழிலுக்கும் மின்தொழிலுக்கும் எல்லைக்கோட்டில் தொங்குவது. சில ஊர்களில் உரிமம் பெற்றவரே மின்கம்பி இணைக்கலாம் என்ற விதி உண்டு. வாடகை வீடாயின் உரிமையாளரைக் கேட்காமல் தொடலாகாது. அங்கு வாழும் நம் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் நலம்.

தம் வீட்டுப் பொறியைத் தாமே மாற்றிக்கொள்ளும் உரிமைக்கே ஒரு முறை ஆபத்து வந்தது. வடக்குக் கரோலினா மாநிலத்தின் தலைநகராகிய ராலேயில் கழிவுநீர்க் குழாய்களில் கொழுப்புப் படிந்து, அடைப்பும் வழிதலும் மிகுந்தன. 2008-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நகர மன்றம் ஒரு தடையை நடைமுறைப்படுத்தியது. புதிதாக அரவைப்பொறி அமைக்கலாகாது என்பதோடு நில்லாமல், பழையது கெட்டால் அதற்கு மாற்றாகவும் வேறொன்றை வைக்கலாகாது என்றது. அதே கழிவுநீர் அமைப்பைப் பகிர்ந்துகொண்ட அண்டை ஊர்களுக்கும் அது பொருந்தியது. இருப்பது ஓடும்வரை ஓடட்டும். ஓய்ந்தால் ஓய்ந்ததுதான் என்பது தீர்ப்பு. அத்தடை ஒரு மாதமே நின்றது. எதிர்ப்பின் முன் நகர மன்றம் பின்வாங்கியது. அந்த ஒரு மாதத்தில் தொட்டிக்கு அடியில் சொட்டிய ஒவ்வொரு துளியும் மேலே பிறந்ததா அடியில் பிறந்ததா என்பது வீட்டார்க்கு எத்துணை பெரிய கேள்வியாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். மேலே பிறந்ததாயின் ஒரு பிடிப் பசை. அடியில் பிறந்ததாயின் சட்டப்படி முடிவு.

நியூயார்க் நகரம் எதிர்த்திசையில் நடந்தது. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய அமைப்பு அங்கே மிகுதி. ஆகவே பல்லாண்டுகள் வீடுகளில் இப்பொறிக்குத் தடை இருந்தது. நகரத்தின் சுற்றுச்சூழல் துறை 21 மாதங்கள் ஆராய்ந்தபின் 1997-இல் தடை நீங்கியது. கட்டடம் கட்டடமாக அடுக்குமாடிகள் நிறைந்த நகரில், ஒரு வீட்டார் அரைத்தது கீழ்வீட்டாரின் குழாயில் தங்குமாதலால், பல கட்டடச் சங்கங்கள் தடையைத் தாமே தொடர்ந்தன. தில்லியிலும் மும்பையிலும் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் நேயர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

நாட்டில் ஏறத்தாழப் பாதி வீடுகளில் இப்பொறி இருந்ததாக 2009-ஆம் ஆண்டுக் கணக்கு கூறுகிறது. ஹாம்ஸ் தொடங்கிய தொழிற்கழகம் 1968-இல் எமர்சன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கைக்கும், 2022-இல் முந்நூறு கோடி டாலர் விலையில் வர்ல்பூல் நிறுவனத்தின் கைக்கும் மாறியது. அதே ஆண்டுகளில் பழைய வாளியும் திரும்பி வரத் தொடங்கிவிட்டது. வெர்மான்ட் மாநிலம் 2020 முதல் உணவுக்கழிவைப் பொதுக்குப்பையில் இடுவதைத் தடைசெய்தது. கலிபோர்னியாவில் 2022 முதல் அதனைப் பிரித்துக் கொடுக்கும் விதி நடைமுறைக்கு வந்தது. நியூயார்க் நகரத்தின் ஐந்து பகுதிகளிலும் 2024 அக்டோபர் முதல் அவ்விதி பரவியது. பன்றிக்கு அன்று, எருவாக்குவதற்கும் எரிவாயு எடுப்பதற்கும். வண்டி மீண்டும் வாயிலில் வந்து நிற்கிறது.

ஆகவே இன்று பொறியின் அடியில் நீர் சொட்டக் கண்டு, கசிவு மோட்டாரிலிருந்தே என்று தெளிந்தவர்களில் சிலர் புதியது வாங்குவதில்லை. கழற்றிவிட்டு வெறுங்குழாயை வைத்துவிடுகிறார்கள். அதற்கும் வேண்டுவன அதே கருவிகள். பொறிக்கென்று தொட்டியில் இட்ட மூன்றரை அங்குலத் துளை சாதாரண வடிகட்டிக்கும் பொருந்துவதே. வடிகட்டி ஒன்று, நேர்க்குழாய் ஒரு முழம், வளைகுழாய்க்குப் புதிய வாஷர், வளையத்தின் அடியில் சுற்ற ஒரு பிடிப் பசை. சுவரிலுள்ள இரண்டாம் விசை மட்டும் வேலையின்றி நிற்கும். அதன் கம்பி முனைகளை மூடியிட்டுப் பெட்டிக்குள் அடக்கிவிட வேண்டும்.